தடுப்பணை கட்டக் காசு உண்டு, தூர் வார யார் தருவது?

ஒரு தடுப்பணையைத் திறப்பு விழா அன்று பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஐந்தாறு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மணலும் வண்டலும் அணையின் தலைமட்டம் வரை ஏறியிருக்கும். அதன்மேல் கோரை முளைத்து, இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். கீழ்ப்பக்கம் தண்ணீர் வழிந்து விழுந்து விழுந்து தளம் பெயர்ந்து, அடித்தளத்துக்குக் கீழே கை நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருக்கும். சுவர் கரையோடு சேரும் இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு மண் கரைந்து, அணையைச் சுற்றிக்கொண்டு போக ஓடை வழி பார்த்துக்கொண்டிருக்கும். சுவரில் பதித்த கல்வெட்டு மட்டும் புதிதாகவே இருக்கும்: திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஆண்டு.

இதைப் பார்த்ததும் கட்டியவர்களைத் திட்டத் தோன்றும். பல இடங்களில் அவர்கள் மேல் தப்பில்லை. அணை தன் வேலையைச் செய்துவிட்டது. வந்த மண்ணைப் பிடித்துவிட்டது. பிடித்த மண்ணை அள்ள ஆள் இல்லை, ஆளுக்குக் கூலி கொடுக்கக் கணக்கில் தலைப்பு இல்லை. கட்டுவதற்கு ஒருமுறை பணம் வந்தது, அத்தோடு சரி. மண், நீர்ப் பாதுகாப்புத் திட்டங்கள் எங்கே நிலைத்தன, எங்கே நிலைக்கவில்லை என்று பார்த்தால், என்ன கட்டினார்கள் என்பதைவிடப் பணம் எந்த வழியாக வந்தது, திரும்பத் திரும்ப வந்ததா என்பதுதான் வித்தியாசமாக நிற்கிறது.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். ஒரு மேட்டின் உச்சியில் நின்று மழை பெய்வதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உச்சிக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி ஓர் ஓடைக்குப் போகிறது, அந்தப் பக்கம் விழுந்தது வேறோர் ஓடைக்கு. ஒரே வாய் வழியாக வெளியேறும் தண்ணீர் எந்தெந்த இடத்தில் விழுந்ததோ, அத்தனை நிலமும் சேர்ந்தது ஒரு நீர்வடிப்பகுதி. அதன் எல்லையைப் போடுவது மேட்டுக்கோடு. பஞ்சாயத்து எல்லை, தாலுகா எல்லை, பட்டா எல்லை எதற்கும் அது கட்டுப்படாது. நிர்வாகச் சிக்கல்களில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது: பணம் நிர்வாக எல்லைப்படி வருகிறது, தண்ணீர் மேட்டுக்கோட்டின்படி ஓடுகிறது.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுந்த தண்ணீர் 1 லட்சம் லிட்டர். சரிவில் அது ஓடத் தொடங்கி வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. வெறும் நிலமாக இருந்தால் துளி விழும் வேகத்திலேயே மண்கட்டி உடைந்து, பொடி மண் துளைகளை அடைத்துக்கொள்கிறது. அதனால் இன்னும் குறைவாக இறங்கி இன்னும் அதிகமாக ஓடுகிறது. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மேல்மண் போனால், போனது 10 கன மீட்டர். எடையில் பத்துப் பன்னிரண்டு டன்னுக்குக் குறையாது. 1 மில்லிமீட்டர் போனதை நிலத்துக்குச் சொந்தக்காரர்கூடக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத இழப்புக்குக் காசு கேட்பது எவ்வளவு கடினம் என்பதை அப்புறம் பார்ப்போம்.

வைத்தியம் எளிமையானதுதான்: ஓடுகிற தண்ணீரை நடக்கவை, நடக்கிற தண்ணீரை நிற்கவை, நிற்கிற தண்ணீரை இறங்கவை. உச்சியில் புல்லும் மரமும், சரிவில் சமமட்டத்தில் வெட்டிய பள்ளங்களும் வரப்புகளும், சிற்றோடைகளில் கையால் அடுக்கிய கல் தடுப்புகளும், அதற்கும் கீழே தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை. முகட்டில் ஆரம்பித்துப் பள்ளத்தில் முடிக்க வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். மேலே வேலை முடியாமல் கீழே அணை கட்டினால் அது மண் தொட்டியாகிவிடும். முன்னே பார்த்த தடுப்பணைக்கு நேர்ந்ததில் பெரும்பங்கு இதுதான்.

பாடம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பணம் தலைகீழாகப் போகிறது. மேலே செய்யும் வேலை மலிவானது, சிதறிக் கிடப்பது, அளப்பது கடினம், மேய்ச்சலை நிறுத்தச் சொல்லி நாலு பேரிடம் பேச வேண்டியது. கீழே கட்டும் கான்கிரீட் ஒரே இடத்தில் நிற்கிறது. அளவுப் புத்தகத்தில் ஏற்றலாம், படம் எடுக்கலாம், கல்வெட்டு பதிக்கலாம். மார்ச் மாதத்துக்குள் செலவழிக்க வேண்டிய தொகை கையில் இருக்கும் அலுவலர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

இதைவிட ஆழமான சிக்கல், பாடுபடுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் வேறொருவர் என்பது. சண்டிகர் நகரத்தின் சுக்னா ஏரிக் கதை இதற்கு நல்ல பாடம். 1958-இல் நகரத்துக்காக அந்த ஏரியை உருவாக்கினார்கள். இருபது ஆண்டு ஆவதற்குள் அதன் கொள்ளளவில் பெரும்பகுதி வண்டலால் நிரம்பிவிட்டது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. ஆர். மிஸ்ரா குழுவினர் தேடிப் போனார்கள். அது சிவாலிக் குன்றுகளில் சுகோமாஜ்ரி என்ற சின்ன ஊரில் போய் நின்றது. அங்கே கால்நடைகள் குன்றை மொட்டையடித்திருந்தன.

அந்த ஊர் மக்கள் ஏன் மேய்ச்சலை நிறுத்த வேண்டும்? நகரத்து ஏரியில் படகு விடுவதற்காகவா? வேலி போட்டால் வேலி உடையும், காவலாளி போட்டால் காவலாளி கண்ணை மூடிக்கொள்வார். 1970-களின் நடுவில் ஊருக்கு மேலே ஒரு சிறு மண்ணணை கட்டி, அந்தத் தண்ணீர் ஊருக்கே பாயும்படி செய்தார்கள். தண்ணீர் கிடைத்ததும் நிலைமை மாறியது. ஆனால் முழுதாக மாறவில்லை, ஏனென்றால் தண்ணீர் நிலம் உள்ளவர்களுக்குத்தான் போனது. நிலமற்ற குடும்பத்துக்கு ஆடு மாடுதான் பிழைப்பு. மேய்ச்சலை நிறுத்தினால் இழப்பு முழுதும் அவர்களுக்கு, லாபம் முழுதும் அடுத்த வீட்டுக்காரருக்கு. கடைசியில் ஊர் எடுத்த முடிவு, இந்தத் துறையின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது: நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரில் சம பங்கு. நிலமில்லாதவர் தன் பங்கை விற்கலாம், அல்லது அடுத்தவர் நிலத்தில் விட்டு விளைச்சலில் பங்கு வாங்கலாம். அதன்பின் குன்றுக்கு வேலியே வேண்டியிருக்கவில்லை, ஊரே வேலியானது. புல் வளர்ந்தது, பால் பெருகியது, ஏரிக்குப் போகும் வண்டல் பெருமளவு குறைந்தது.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். குன்றில் புல் நன்றாக வளர்ந்து வருமானம் வரத் தொடங்கியதும், அரசுக்கு அந்த வருமானம் கண்ணில் பட்டது. குத்தகை, பங்கு, வரி என்று ஒவ்வொன்றாக வந்தன. தரிசைப் பசுமையாக்கிச் சம்பாதித்ததற்காக வருமான வரி விதிக்கப்பட்ட முதல் இந்தியக் கிராமம் என்ற பெயர் சுகோமாஜ்ரிக்குக் கிடைத்தது. ஒரு நகரம் மொத்தமும் அந்த ஊரின் உழைப்பில் பலனடைந்தது. பணம் மட்டும் எதிர்த்திசையில் ஓடியது.

அரசே முன்வந்து செலவு செய்தால் போதாதா என்று கேட்கலாம். அப்படிச் செய்த பெரிய உதாரணம் அமெரிக்கா. 1930-களில் அங்கே சமவெளி நிலமெல்லாம் புழுதியாகப் பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புழுதிப்புயலில் பட்டப்பகலே இருட்டானதால் அந்த நாளுக்குக் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே பெயர். மண் விஞ்ஞானி ஹியூ ஹேமண்ட் பென்னட், செனட் குழுவின் முன் பேசும்போது மேற்கிலிருந்து புழுதி வாஷிங்டன் வந்து சேரும்வரை வேண்டுமென்றே பேச்சை இழுத்தார், வானம் மங்கியதும் ஜன்னலைக் காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த ஏப்ரல் முடிவதற்குள் மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

அடுத்து ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. நிலமெல்லாம் தனியாருடையது, தலைநகரத்திலிருந்து வரும் அலுவலர் ஒரு விவசாயியின் வயலுக்குள் போய் இப்படி உழு, அப்படி உழாதே என்று சொல்ல முடியுமா? 1937 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். உள்ளூர் விவசாயிகளே நிர்வகிக்கும் மண் பாதுகாப்பு மாவட்டங்களை அமைக்கச் சொல்லும் சட்டம் அது. அந்த ஆகஸ்டில் வட கரோலினாவின் பிரவுன் கிரீக் முதல் மாவட்டமானது. அது பென்னட் பிறந்த பகுதி. இன்று அப்படி ஏறக்குறைய 3,000 மாவட்டங்கள் இருக்கின்றன. நாம் சொல்லும் மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்சியர் கிடையாது, ஒரு சிறிய நிர்வாகக் குழு, இரண்டு மூன்று ஊழியர்கள், ஒரு வாகனம், அவ்வளவுதான் பல இடங்களில்.

பணம் பல வாய்க்கால் வழியாக வருகிறது. மத்திய அரசின் திட்டத்தில், விவசாயி ஒரு நீர்வழிப் புல்தடமோ படிவரப்போ அமைத்தால் செலவில் ஒரு பங்கை அரசு தருகிறது. 1996 முதல் நடக்கும் முக்கியத் திட்டம் ஒன்றில் அது பொதுவாக முக்கால் பங்கு வரை போகும். மீதி விவசாயியுடையது. தன் காசும் கொஞ்சம் போட்டால்தான் வரப்பைப் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் பெரும்பாலும் முதலில் முழுச் செலவையும் அவர் செய்து, சரிபார்த்த பின்தான் பங்கு கைக்கு வரும். கையில் ரொக்கம் உள்ளவருக்குத்தான் மானியம் எட்டுகிறது. சரிவான, மெலிந்த நிலம் யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் கையில் ரொக்கம் இல்லாதவரிடம்.

பங்குத்தொகையைவிடக் கிடைக்கச் சிரமமான ஒன்று உண்டு: ஊழியர் சம்பளம். வயலுக்கு வந்து மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, வேலை நடக்கும்போது கூடவே நின்று, முடிந்ததும் சரிபார்க்கும் ஆள். அவர் இல்லாவிட்டால் கோடிக்கணக்கான மானியமும் வரிசையில் காத்துக்கிடக்கும். நன்கொடையாளரோ அரசோ வரப்புக்கும் அணைக்கும் தாராளமாகத் தருவார்கள். ‘ஒரு ஆள் சம்பளத்துக்கு’ என்று கேட்டால் நிர்வாகச் செலவைக் குறையுங்கள் என்பார்கள். பஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு டிரைவர் வைக்காதே என்று சொல்வது போலத்தான்.

இந்த இடத்தில் மிசௌரி மாநிலம் செய்ததைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலேயே மண் அரிப்பு மிக மோசமாக இருந்த மாநிலங்களில் அது ஒன்று. 1984-இல் மக்கள் வாக்களித்து விற்பனை வரியை ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டார்கள். நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் பத்து சென்ட். அதில் பாதி மாநிலப் பூங்காக்களுக்கு, பாதி மண், நீர்ப் பாதுகாப்புக்கு. அந்தப் பணம் மாநிலத்தின் உட்பிரிவுகளான 114 கவுண்டிகளில் உள்ள 114 பாதுகாப்பு மாவட்டங்களுக்கும் போகிறது, ஊழியர் சம்பளம் உட்பட. இந்த வரி தானாக நீடிப்பதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடம் திரும்பப் போய் வாக்குக் கேட்க வேண்டும். 1988, 1996, 2006, 2016 என்று நான்கு முறை கேட்டார்கள். 2016-இல் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ‘வேண்டும்’ என்றார்கள். வரி என்றாலே முகம் சுளிக்கும் நாட்டில் இது சாதாரணமில்லை.

பூங்காவையும் மண்ணையும் ஒரே சீட்டில் கட்டியதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது என்பது என் ஊகம். நகரத்துக்காரர் பூங்காவுக்காகக் கை தூக்குகிறார், மண்ணும் கூடவே பிழைத்துக்கொள்கிறது. முன்னே சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாத 1 மில்லிமீட்டருக்கு மட்டும் தனியாக வாக்குக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

தண்ணீருக்கென்றே தனி வரி என்பது நெதர்லாந்தில் மிகப் பழைய விஷயம். ரைன்லாந்து நீர் வாரியம் 1255-இலேயே கோமகனிடம் அதிகாரப் பட்டயம் பெற்றது. நாடு என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே நீர் வாரியம் இருந்தது. கரையைப் பராமரிக்காவிட்டால் அடுத்த வெள்ளத்தில் வீடே இருக்காது என்ற நிலைமையில் வரி கட்டுவதற்கு அங்கே பெரிய பிரசாரம் தேவைப்படவில்லை போலும். இன்று 21 வாரியங்கள். ஒவ்வொன்றும் தன் வரியைத் தானே விதித்து வசூலிக்கிறது. நிர்வாகக் குழுவுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. விவசாயிகளுக்கும் இயற்கை நிலங்களை வைத்திருப்பவர்களுக்கும் தனி இடங்கள் உண்டு. யாருக்கு அக்கறையோ அவர் கட்ட வேண்டும், யார் கட்டுகிறாரோ அவருக்குப் பேச உரிமை என்பது அடிப்படை. 1953 பெருவெள்ளத்துக்கு அடுத்த ஆண்டே நீர் வாரியங்களுக்கென்று ஒரு வங்கியையும் தொடங்கிவிட்டார்கள். நிச்சயமான வரி வருமானம் இருப்பதால் வாரியத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கிறது. கரைக்கு இன்று செலவழித்து முப்பது ஆண்டில் அடைக்கலாம்.

1950 வாக்கில் அங்கே 2,500-க்கும் மேல் வாரியங்கள் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. சின்னச் சின்ன வாரியங்கள் பெரிய வேலைக்குத் தாங்கவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்த்துச் சேர்த்து 21 ஆக்கினார்கள். உள்ளூர் நிர்வாகம் என்றால் எவ்வளவு உள்ளூர் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்த விதி இருக்கிறது. ஏரியைப் பராமரிக்கவென்றே ஒதுக்கிய நிலத்துக்கு ‘ஏரிப்பட்டி’ என்று பெயர். அந்த நிலத்தின் வருமானம் ஆண்டுதோறும் ஏரிக்கு. ஏரி வெட்டியவரைப் பற்றிய பெருமை ஏராளம். ஏரிப்பட்டி விட்டவர்தான் அதை உயிரோடு வைத்திருந்தார்.

ஏரிப்பட்டியின் தத்துவத்தை 2000-ஆம் ஆண்டில் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் பார்க்கலாம். நகரத்தின் தண்ணீர் மேலே ஆண்டிஸ் மலையின் புல்வெளிகளிலிருந்து வருகிறது. நகரக் குடிநீர் நிறுவனம் 20,000 டாலரும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1,000 டாலரும் போட்டு ஓர் அறக்கட்டளை நிதியைத் தொடங்கின. 80 ஆண்டு ஒப்பந்தம். அப்புறம் ஒரு நகராட்சிச் சட்டத்தின் மூலம் குடிநீர் நிறுவனத்தின் வருமானத்தில் 2 சதவீதம் தானாகவே நிதிக்குப் போகும்படி ஆக்கினார்கள். யாரும் ஒவ்வோர் ஆண்டும் மனு எழுத வேண்டாம். முதல் தொகையைத் தொடாமல், அதன் வருமானத்தை வைத்து மலைப்புல்வெளியைக் காக்கும் வேலை நடக்கிறது. லத்தீன் அமெரிக்காவின் பல நகரங்கள் இதைப் பார்த்துத் தங்களுக்கும் நீர் நிதி அமைத்துக்கொண்டன. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா இன்னொரு வழியில் போனது: 1996 வனச்சட்டத்தின்படி எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டைக் காக்கும் நிலச் சொந்தக்காரருக்கு நேராகக் கொடுக்கிறது.

கீழே குடிப்பவர் மேலே காப்பவருக்குக் கொடுப்பதில் பெரிய கணக்கு நியூயார்க்கினுடையது. நகரத்தின் தண்ணீரில் பெரும்பகுதி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கேட்ஸ்கில், டெலவேர் பகுதிகளிலிருந்து வடிகட்டாமலே வருகிறது. மேலே பண்ணைகளும் ஊர்களும் பெருகியதும், வடிகட்டும் ஆலை கட்டு அல்லது நீர்வடிப்பகுதியைச் சுத்தமாக வைத்திரு என்ற நிலை வந்தது. ஆலைக்கு மதிப்பீடு 600 முதல் 800 கோடி டாலர். ஓட்டுகிற செலவு தனி. மேலே செலவழிப்பதோ அதில் சிறு பங்கு. 1997-இல் நகரமும் மாநிலமும் மேலே உள்ள ஊர்களும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பண்ணைகளில் சாணக் கொட்டகை, ஓடையோரம் வேலி, ஊர்களுக்குக் கழிவுநீர் வசதி என்று நகரம் செலவை ஏற்றுக்கொண்டது.

இது ஏதோ சுமுகமாக நடந்ததுபோல் பலரும் எழுதுகிறார்கள். அப்படியில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்த்தேக்கங்களுக்காக அந்தப் பள்ளத்தாக்குகளில் ஊர்களையே காலி செய்திருந்தது நகரம். அந்தக் கோபம் பேரன்கள் காலத்திலும் ஆறவில்லை. முதலில் நகரம் விதிகளை மட்டும் அனுப்பியபோது பண்ணைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். பண்ணைத் திட்டத்தைப் பண்ணைக்காரர்களின் சொந்தக் குழுவே நடத்தும், சேருவது அவரவர் விருப்பம், ஆனால் பெரும்பான்மையோர் சேர்ந்தாக வேண்டும் என்று பேசி முடித்த பிறகுதான் வேலை நடந்தது. பணத்தைப் போலவே அந்தப் பணம் யார் கை வழியாகப் போகிறது என்பதும் அங்கே பேரத்தின் பாதியாக இருந்தது.

ஆலைச் செலவு என்ற ஒப்பீடு நியூயார்க்குக்குக் கிடைத்தது ஓர் அதிர்ஷ்டம். கீழே பெரிய நகரமோ மின்நிலையமோ இல்லாமல், நூறு கிணறுகளும் நாலு குக்கிராமங்களும் மட்டும் உள்ள நீர்வடிப்பகுதிக்கு அப்படி யார் கையெழுத்துப் போடுவார்கள்? உலகில் பெரும்பாலான நீர்வடிப்பகுதிகள் இந்த வகைதான். அங்கே அரசுத் திட்டம்தான் கதி.

அரசுத் திட்டம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதற்கு இந்தியாவின் விதிகளையே எடுத்துக்கொள்ளலாம். ஹனுமந்த ராவ் குழு 1994-இல் தந்த பரிந்துரைகளின்படி 1995 முதல் நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்குப் பொது வழிகாட்டுதல்கள் வந்தன. அப்போது ஹெக்டேருக்கு 4,000 ரூபாய். 2008-இல் புதிய வழிகாட்டுதல்கள் வந்தபோது சமவெளியில் 12,000, மலைப்பகுதியில் 15,000. 2021 முதல் 22,000, 28,000. திட்டக் காலம் 2008 விதிப்படி நான்கிலிருந்து ஏழு ஆண்டு. பணம் தலைப்புவாரியாகப் பிரிந்தது: நிர்வாகத்துக்கு 10 சதவீதம், மக்களோடு அறிமுகமாகும் தொடக்க வேலைக்கு 4, பயிற்சிக்கு 5, மண்-நீர் வேலைகளுக்கு முதலில் 50, பின்னர் 56 என்று போனது. கடைசியில் ஒருங்கிணைத்து ஒப்படைக்கும் கட்டம்; அதற்கு முதலில் 5 சதவீதம் இருந்ததை 3 ஆக்கினார்கள்.

5,000 ஹெக்டேர் திட்டம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். ஹெக்டேருக்கு 12,000 என்றால் மொத்தம் 6 கோடி. கட்டும் வேலைக்கு 3 கோடியே 36 லட்சம். ஒப்படைக்கும் கட்டத்துக்கு 18 லட்சம், அதாவது ஹெக்டேருக்கு 360 ரூபாய், ஒரே ஒருமுறை. அதிலும் முடிவறிக்கை, ஆவணம் எல்லாம் அடங்கும். மதகு பழுதானால், வரப்பு உடைந்தால், அணை தூர்ந்தால் அதற்குப் பிறகு எங்கே போவது?

விதியை எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி என்று ஊர்க் கணக்கு ஒன்று வைத்தார்கள். தனியார் நிலத்தில் நடக்கும் வேலைக்கு நிலச் சொந்தக்காரர் செலவில் 10 சதவீதம் கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள் என்றால் 5. அந்தத் தொகை சேர்ந்து பராமரிப்புக்கு ஆகும். காகிதத்தில் இது ஏரிப்பட்டிக்குச் சமம். நடைமுறையில் பல இடங்களில் இந்தப் பங்கு வேலை செய்த கூலியாட்களின் கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டது. நிலம் ஒருவருடையது, வரப்பு அவருக்கு, பங்கு மட்டும் மண் சுமந்தவருடையது. அப்படிச் சேர்ந்த தொகையும், திட்டம் முடிந்து குழு கலைந்தபின் யார் கையெழுத்தில் எடுப்பது என்று தெளிவில்லாமல் வங்கியிலேயே கிடந்த ஊர்கள் உண்டு.

பணமும் பராமரிப்பும் சரியாக இருந்துவிட்டாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. திட்டம் வெற்றி பெற்றால் கிணற்றில் நீர்மட்டம் ஏறும். ஏறியதும் புதிய ஆழ்துளைக் கிணறுகள் வரும், கரும்பு வரும், நான்கைந்து ஆண்டில் மட்டம் பழைய இடத்துக்கே போகும், சில வேளை அதற்கும் கீழே. பொதுப்பணத்தில் இறக்கிய தண்ணீரைப் பெரிய மோட்டார் வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்கப் பெரும்பாலான திட்டங்களில் விதியே இல்லை. மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் தனித்து நிற்பது இதனால்தான். போபட்ராவ் பவார் தலைமையில் அந்த ஊர் வெட்டிய பள்ளங்களும் கட்டிய தடுப்பணைகளும் மற்ற ஊர்களிலும் உண்டு. அரசின் வேலைவாய்ப்புத் திட்டப் பணம்தான் அங்கேயும் போனது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, தண்ணீரைக் குடிக்கும் பயிர் கூடாது, ஆண்டுதோறும் பெய்த மழையைக் கணக்கிட்டு அதற்கேற்றபடி அடுத்த பயிர் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுப்பது பெரும்பாலான மற்ற ஊர்களில் இல்லை.

இன்னொரு புறம் கீழ் ஊர் இருக்கிறது. மேலே ஒவ்வொரு ஓடையிலும் நாலு தடுப்பணை போட்டால், மழை குறைந்த ஆண்டில் கீழே உள்ள ஏரிக்கு வரத்தே இருக்காது. நிலத்தடியில் இறங்கிய தண்ணீர் கீழே வந்து சேரும் என்பது ஓரளவுக்கு உண்மை. மேலேயே இறைத்துவிட்டால் அதுவும் இல்லை. இத்தனை தடுப்பணை கட்டினோம் என்ற எண்ணிக்கையை வைத்தே அளக்கும் திட்டத்தில் இந்த நஷ்டம் எந்தக் கட்டத்திலும் ஏறாது. மழைமானியும் ஓடையின் வாயில் ஒரு அளவுகோலும் வைத்துப் பத்து ஆண்டு படித்தால் தெரியும். அளவுகோல் மலிவு. படித்து எழுதும் ஆளுக்குச் சம்பளம்தான், மறுபடியும், யார் தருவது?

கடைசியாக அந்த வண்டல். அதைக் குப்பையாகப் பார்ப்பதால்தான் அள்ளும் செலவு பெரிதாகத் தெரிகிறது. தெலங்கானாவில் 2015-இல் தொடங்கிய மிஷன் காகதீயாவில் ஏரி வண்டலை விவசாயிகள் தங்கள் டிராக்டரில், தங்கள் டீசலில் வயலுக்கு ஏற்றிப்போனார்கள். அரசுக்குத் தோண்டும் செலவு மட்டும். மகாராஷ்டிரமும் 2017-இல் இதே ஏற்பாட்டைத் தொடங்கியது. மேலேயிருந்து இறங்கிய மேல்மண் மறுபடி வயலுக்குப் போகிறது, தூரும் குறைகிறது. ஆனால் இது ஏரிக்கும் பெரிய குட்டைக்கும்தான் பொருந்தும், அங்கேதான் மென்மையான வண்டல் படிகிறது. ஓடையின் மேல்பகுதியில் உள்ள தடுப்பணையில் தங்குவது பருமணல். அதை எவரும் வயலுக்கு ஏற்ற மாட்டார்கள். கட்டடத்துக்கு வேண்டுமானால் ஏற்றுவார்கள், அதற்கு அனுமதி தருவது வேறொரு அலுவலகம்.